மரியஜோசப் காற்றளந்த படலம்

வாழ்க மரியஜோசப்! பூனா விஷ்ராந்த்வாடியின் விடிவெள்ளியே, கட்கிப் பாசறைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் ஓதியும் ஓய்வறியாத நாவுடையாய், மின்விசிறி ஏன் சுழல்கிறது என்று கேட்டவனை அது நிற்கும்வரை விடாத விளக்கவுரைப் பெருமானே, ஐம்பத்தேழு வயதின் தொப்பையையும் மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல் அடுக்கக நிறுத்துமிடத்தின் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, ஒரு கையில் பிரஷர் கேஜும் மறுகையில் சாக்பீஸும் ஏந்தி, நான்கு டயர்களை எதிர்த்து ஐந்து பகல் போர் தொடுத்த அஞ்சாநெஞ்சனே, உன் புகழ் பாடப் புகுந்தோம். பிற நாயகர்கள் கடல் தாண்டினார்கள், மலை பெயர்த்தார்கள், பகைவர் கோட்டையைப் பொடியாக்கினார்கள். அவையெல்லாம் ஒருமுறை செய்தால் முடிந்துவிடும் வேலைகள். டயருக்குக் காற்று அப்படியா?

முதலில் அந்தச் சக்கரங்களைப் பாடாமல் மேலே செல்வது முறையாகாது. மரியஜோசப்பின் வெள்ளைச் சிறுகார், பிறந்தபோது பதினான்கு அங்குல இரும்புச் சக்கரங்களோடும், அவற்றின் அழகின்மையை மறைக்கும் பிளாஸ்டிக் மூடிகளோடும், தன் நிலை அறிந்த ஏழையைப் போல அடக்கமாகவே பிறந்தது. சென்ற மார்ச்சில், ஹிஞ்சேவாடியில் மென்பொருள் நெய்துகொண்டிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒருவன் விட்டுச்சென்ற பதினாறு அங்குல அலாய்ச் சக்கரங்கள் நான்கு, பத்து ஆரங்களோடு, கரிய மேனியும் வெள்ளி விளிம்புமாக, டயரோடு சேர்த்து நாயகனின் கைக்கு வந்தன. ஏன் வாங்கினாய் என்று கேட்ட உலகத்துக்கு, பிடிமானம் கூடும், பிரேக் நன்றாகப் பிடிக்கும், வளைவில் வண்டி சாயாது என்று மூன்று காரணங்களை அவன் நெறியோடு எடுத்துரைத்தான். வாங்கிய அன்று அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறிப்போய், அங்கிருந்து தன் காரைக் கால்மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது எந்தக் காரணத்தில் சேரும் என்பதை மட்டும் அவன் உரைக்கவில்லை.

இப்போது, கேட்போர் பொறுமையாகச் செவி சாய்க்க வேண்டும். ஏனெனில் இந்தக் காவியத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. சக்கரம் பெரிதானாலும் டயரின் வெளிவட்டம் மாறக்கூடாது. மாறினால் வேகமானி பொய் சொல்லும், டயர் மட்கார்டில் உரசும். ஆகவே உலோகம் இரண்டு அங்குலம் வளர்ந்தால், அதைச் சுற்றியிருக்கும் ரப்பர், மேலே ஓர் அங்குலமும் கீழே ஓர் அங்குலமுமாக, அவ்வளவு மெலிந்தாக வேண்டும். பழைய டயரின் பக்கச்சுவர் பதின்மூன்று சென்டிமீட்டர் உயரம். புதியதன் பக்கச்சுவர் பதினொன்றுக்கும் குறைவு. இட்லிக்கும் தோசைக்கும் உள்ள வேறுபாடு என்று கொள்க. அகலம் மட்டும் மூன்று சென்டிமீட்டர் கூடிற்று. சாலையின் குழிக்கும் காரின் எலும்புக்கும் நடுவே மெத்தையாகக் கிடந்த காற்றில் ஓர் அங்குலம் போயிற்று. போன அந்த ஓர் அங்குலத்தைத் தேடித்தான் நம் நாயகன் படையெடுத்தான்.

படையெடுப்புக்கு மூலம் ஒரு கேக். மரியஜோசப்பின் இல்லறத்துணை பாக்கியவதி, பூனாத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் கலியாணங்களுக்கும் ஞானஸ்நானங்களுக்கும் பழக்கேக் செய்வதில் கட்கி முதல் பிம்ப்ரி வரை பேர்பெற்றவள். திராட்சையையும் முந்திரியையும் ஒரு மாதம் ஊறவைத்து, வேகவைத்து, அதன்மேல் பாதாம் பசையைப் போர்த்தி, அதற்கும் மேல் சர்க்கரையும் முட்டைவெள்ளையும் அடித்த ஐசிங்கைப் பூசிக் காயவைப்பாள். காய்ந்த அந்த ஐசிங் சுண்ணாம்புச் சுவரைப்போல வெண்மையானது; சுண்ணாம்புச் சுவரைப்போலவே அதிர்ந்தால் வெடிப்பது. மே மாதம், ஒரு சிறுமி தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்காக அவள் செய்த கேக், அலாய் ஏறிய காரின் டிக்கியில் கிளம்பி, கட்கியில் இறங்கியபோது, அந்தச் சிறுமியின் பெயருக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு விரிசல் ஓடியிருந்தது. விருந்தினர் அதைக் கண்டும் காணாததுபோல் தின்றார்கள். பாக்கியவதியின் பதினெட்டு ஆண்டுப் பெயரில் விழுந்த முதல் கோடு அது.

அவள் வீடு திரும்பி, கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, சபதம் உரைத்தாள்.

"இங்க பாருங்க. ஜூன்ல ஜெபிஷாவுக்குக் கல்யாணம். எந் தங்கச்சி மவ. மூணு அடுக்கு கேக்கு. அதுல ஒரு கோடு விழுந்திச்சி, பாத்துக்கிடுங்க, அந்தச் சக்கரம் நாலையும் வித்துப்போட்டு பழசைத்தான் மாட்டணும். நா சொல்லிட்டேன்."

"பாக்கியம், அது சக்கரத்தோட தப்பு இல்ல. காத்தோட தப்பு."

"அப்பம் காத்த சரிபண்ணுங்க. விழலன்னா சக்கரம் இருந்துட்டுப் போவட்டும்."

இரண்டு படைகள் எதிரெதிரே நின்று முரசறைந்தது போல் ஆயிற்று அது. ஒருபுறம் மூன்றடுக்குக் கேக். மறுபுறம் பத்து ஆரங்கொண்ட அலாய். நடுவே, கண்ணால் காணவும் கையால் பற்றவும் முடியாத காற்று.

காற்றே, உன்னைத் துதித்தே மேற்செல்ல வேண்டும். மூக்கில் நுழைந்தால் உயிரென்றும், வயிற்றில் நுழைந்தால் வாயுவென்றும் பேர்பெறுகிற நீ, டயருக்குள் நுழைந்தவுடன் சுமைதூக்கி ஆகிவிடுகிறாய். காரைத் தாங்குவது ரப்பர் என்று ஊர் நினைக்கிறது. ரப்பர் வெறும் பை. தாங்குபவன் நீ. ஒரு சதுர அங்குலத்துக்கு முப்பத்து மூன்று பவுண்டு என்று நீ முட்டிக்கொண்டு நிற்பதால்தான், டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டி நான்கு உள்ளங்கை அகலத் தடங்களில் நின்று பூனா முழுக்கச் சுற்றுகிறது. உன்னைக் குறைத்தால் டயரின் தோள்கள் சாலையில் தேய்ந்து சூடேறும், குழியில் விளிம்பு இடிபடும். உன்னைக் கூட்டினால் டயரின் நடுவயிறு மட்டும் தேயும், வண்டி தகரப்பெட்டிபோல் குலுங்கும், கேக் வெடிக்கும். உன்னுடைய சரியான அளவு எங்கே எழுதியிருக்கிறது?

எழுதத்தான் எழுதியிருக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நடுத்தூணில் ஒட்டியிருக்கும் சிறு தாளில், மூன்று பேர் ஏறினால் முப்பத்து மூன்று, வண்டி நிறைந்தால் முப்பத்தாறு என்று கார் செய்தவர்களே எழுதியிருந்தார்கள். வேறொருவனாக இருந்தால் அதைப் பார்த்து முப்பத்து மூன்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். மரியஜோசப் வேறொருவன் அல்லன். அந்தத் தாள் பதினான்கு அங்குலத்துக்காகப் பாடப்பட்டது. பதினாறுக்கு அது செல்லாது என்று அவன் தீர்ப்பளித்தான். தீர்ப்பு சரியானதே என்பதுதான் இதில் உள்ள வேதனை.

எனவே அவன் மூன்று அமைச்சர்களைக் கலந்தான்.

முதலாமவர், சக்கரத்தை மாட்டிக்கொடுத்த பிம்ப்ரி டயர்க்கடைக்காரர். ஆயிரம் வண்டிகளின் மூச்சைத் தன் ரப்பர்க் குழாயால் ஆண்ட அந்தப் பேரரசர், எந்த வண்டி வந்தாலும், அதில் யார் இருந்தாலும், வெயிலானாலும் மழையானாலும் ஒரே எண்ணை அருள்பவர். "அங்கிள், அலாய் ஹை நா? சாலீஸ் டாலோ, டென்ஷன் மத் லோ" என்றார். நாற்பது போடு, கவலையை விடு. விரிசல் விழுந்த அன்று காரில் இருந்ததும் அவருடைய நாற்பதுதான் என்பதைச் சொல்லிக்காட்ட நாயகன் வாய்திறந்தபோது, அவர் அடுத்த வண்டிக்கு நாற்பது போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாமவர், மேல்வீட்டு ஜம்புநாதன். பாதுகாப்புக் கணக்குத் துறையில் ஓய்வுபெற்றவர். எழுத்தில் இல்லாத எதையும் ஏற்காதவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு டயரின் பக்கச்சுவரை ஒரு கோப்பைப் படிப்பதுபோல் படித்தார். "என்ன சார், தேடிண்டே இருக்கேளே! டயர்லயே அச்சடிச்சிருக்கான் பாருங்கோ, அம்பத்தொண்ணு." நாயகனின் முகம் வெளிறிற்று. டயரின் மேல் அச்சடித்திருக்கும் எண், அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். அதை அளவு என்று கொள்வது, தண்டவாளத்தோரப் பலகையில் எழுதியிருக்கும் உச்சவேகத்தைப் பார்த்து நடைபயிற்சிக்குப் போவதற்கு ஒப்பாகும். இதை அவன் ஜம்புநாதனுக்கு நாற்பது நிமிடம் விளக்கினான். ஜம்புநாதன் கடைசிவரை கேட்டுவிட்டு, "இருந்தாலும் ரைட்டிங்ல இருக்கே" என்று மாடியேறினார்.

மூன்றாமவன் மகன் அலன். ஹிஞ்சேவாடி மென்பொருட்கோட்டையில் பணிபுரிபவன். தினமும் இரண்டு மணி நேரம் கம்பெனி வண்டியில் நெரிசலில் உறைந்திருப்பவன். ஆகவே எந்தக் கேள்விக்கும் அட்டவணை போட நேரமுடையவன். இரண்டு டயர்களின் சுமைக்குறியீட்டையும் எடுத்து, பழைய டயர் முப்பத்து மூன்றில் எவ்வளவு எடை தாங்குமோ அதே எடையைப் புதிய அகலமான டயர் எத்தனையில் தாங்கும் என்று கணக்கிட்டு அனுப்பினான். "டாடி, ஷீட் பாத்துச்சா? தேர்ட்டி பாயிண்ட் செவன். பஸ், கதம். வேற ஒண்ணும் நீங்க செய்யவேணாம் யா." அவ்வளவுதான், முடிந்தது என்றான். பையனின் தமிழ் நொண்டினாலும் கணக்கு நொண்டவில்லை. அகலமான டயரில் காற்றின் கொள்ளளவு கூடுதல். அதனால் குறைந்த அழுத்தத்திலேயே அதே சுமையை அது தாங்கும். அந்தக் கணக்கின் அழகில் தந்தையின் கண் கலங்கிற்று. ஆனால் கலங்கிய கண்ணாலும் அவன் ஒன்றைக் கண்டான். சுமை என்ன என்று கணக்குக்குத் தெரியும். ஆளந்தி ரோடு என்ன என்று தெரியாது.

ஆளந்தி ரோடே! விஷ்ராந்த்வாடியிலிருந்து திகீ நோக்கி நீளும் நெடும்பகையே! உன்மீது ஜூன் முதல்மழை இறங்கியதும் எழுந்து நிற்கிறார்களே, ஏழு குழியரக்கர்கள், அவர்கள் பேரைச் சொல்லவும் நா கூசும். பேருந்து நிறுத்தத்தருகே நீர் நிறைந்து ஆழம் காட்டாது கிடக்கும் குளவாயன். மருந்துக்கடை முன்னே இரட்டையராய்ப் பிறந்த பல்லுடைப்பான், இடுப்பொடிப்பான். பாதி தோண்டி மறந்த குழாய்ப்பள்ளமாகிய நெடுங்கீறன். கீறன் அருகே அவன் தம்பி. ஒரு சாக்கடை மூடி பூமிக்கு நான்கு விரல் கீழே இறங்கியதால் உண்டான வட்டவிழுங்கன். எல்லோருக்கும் கடைசியாக, வளைவில் ஒளிந்திருக்கும், பெயரிடத் துணிவில்லாத அந்த ஒருவன். கேக் அந்த வழியேதான் பிம்ப்ரித் திருமண மண்டபத்துக்குப் போக வேண்டும். இந்த ஏழு பேரில் ஒருவன் விளிம்பில் அறைந்தாலும், மெல்லிய பக்கச்சுவர் உலோகத்துக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப்போகும். ஆகவே கணக்கின் முப்பது புள்ளி ஏழுக்கு மேல், குழிக்காக எவ்வளவு கூட்டுவது? இதுவே போர்.

திருமண வாரத்தின் திங்களன்று முதற்போர், சாக்பீஸ் போர். மரியஜோசப் வகுப்பறைச் சாக்பீஸால் ஒவ்வொரு டயரின் மேலும் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு பட்டை வெண்கோடு இழுத்தான். பின் அடுக்ககத்தின் பின்தெருவில், நேர்கோட்டில், நூறு கஜம் ஓட்டி இறங்கிப் பார்த்தான். கோட்டின் நடு மட்டும் அழிந்தால் காற்று அதிகம்; ஓரங்கள் மட்டும் அழிந்தால் காற்று குறைவு; முழுக்கோடும் ஒன்றுபோல் அழிந்தால் டயர் சாலையில் சமமாகக் கால் பதித்திருக்கிறது. இத்தனை எளிய, இத்தனை நேர்மையான சோதனை வேறில்லை. நாற்பதில் நடு அழிந்தது. முப்பத்தாறிலும் நடுதான். இருபத்தெட்டில் ஓரங்கள் அழிந்தன. முப்பத்திரண்டில், ஆகா, கோடு முழுவதும் பொடிபோல் கரைந்தது. பதினான்கு முறை அவன் இறங்கியும் ஏறியும் கோடு இழுப்பதைக் கண்ட தெருவாசிகள், இது ஏதோ கிறிஸ்தவச் சடங்கு என்று மதித்து, வழிவிட்டு நின்றார்கள்.

செவ்வாயும் புதனும் டம்ளர்ப் போர். பாக்கியவதியின் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை விளிம்புவரை நீரால் நிரப்பி, டிக்கியில் கேக் அமரப்போகும் அதே இடத்தில், ரப்பர் விரிப்பின் மேல் நிறுத்தி, ஏழரக்கர் வழியே திகீவரை போய் மீண்டான். நாற்பதில் டம்ளர் பாதியாயிற்று. முப்பத்தாறில் மூன்றில் ஒருபங்கு போயிற்று. முப்பத்திரண்டில் இரண்டு விரற்கடை. இருபத்தெட்டில் ஒரே விரற்கடை! வெற்றி என்று அவன் துள்ள இருந்த நேரத்தில், வளைவில் அந்தப் பெயரிலி, முன் இடது சக்கரத்தை 'டங்' என்று அறைந்தான். அந்த ஒலி நாயகனின் பல்வேர்களில் எதிரொலித்தது. இறங்கி, மழையில் நனைந்தபடி, அலாயின் விளிம்பைத் தாய் குழந்தையின் முழங்காலைத் தடவுவதுபோல் தடவினான். வளையவில்லை. ஆனால் இருபத்தெட்டு தகாது என்பது தெளிவாயிற்று. ஈரமான டிக்கி விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்த பாக்கியவதி, "கேக்குக்குப் பதிலா தண்ணிய கொண்டுபோயி கொடுத்துரலாம் போல" என்றாள். வீரர்கள் ஏளனத்துக்கு அஞ்சார்.

வியாழனன்று பகைவர் சூழ்ச்சி செய்தார்கள். இன்னும் பத்து நாளில் பண்டரிபுரத்துக்குப் பாதயாத்திரை போகும் பால்கி என்னும் பல்லக்கு ஊர்வலம் ஆளந்தியிலிருந்து கிளம்பி அவ்வழியே வரும். லட்சம் பேர் வெறுங்காலில் நடப்பார்கள். அதற்காகவோ வேறெதற்காகவோ, ஒரு ரோடு ரோலர் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. முப்பத்திரண்டை இறுதியாக உறுதிசெய்யக் கிளம்பிய நாயகன் அதன்பின் ஐம்பது நிமிடம் சிக்கினான். திரும்பி வந்து கேஜை வைத்தால், முப்பத்தைந்து காட்டிற்று! ஓடிய டயர் சூடாகும், சூடான காற்று விரியும், ஆகவே டயரை ஓடுமுன், குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவன், பதற்றத்தில் மூன்று பவுண்டுக் காற்றைத் திறந்துவிட்டான். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் இருபத்தொன்பது. அவன் ரோடு ரோலரைச் சபித்தான். அதன் ஓட்டுநரை, எஜமானரை, அந்தத் தாரைக் காய்ச்சிய அடுப்பைச் சபித்தான். சாலையில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மட்டும் அவன் பார்க்கவில்லை. உயர்ந்த நோக்குடையோர் கண் தரையில் படாது.

இவ்வாறு, மூன்று அமைச்சர்களைக் கேட்டும் ஒருவரையும் கேளாமலும், சாக்பீஸைத் தேய்த்தும் டம்ளரைக் கவிழ்த்தும், அவன் அடைந்த எண் முப்பத்திரண்டு. மகனின் கணக்குக்கு மேல் ஒன்று சில்லறை, கதவுத்தூணின் தாளுக்குக் கீழே ஒன்று.

சனிக்கிழமை விடிந்தது. ஆறு மணிக்கே, ஓட்டம் அறியாத குளிர்ந்த டயர்களின் முன் மண்டியிட்டு, சிகரெட் லைட்டர்த் துளையில் செருகும் சிறு பம்பால், நான்கிலும் முப்பத்திரண்டு வைத்தான். வால்வு மூடிகளைத் திருகினான். எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வெள்ளை நாடா கட்டிய மூன்று பெட்டிகளோடு பாக்கியவதி படியிறங்கினாள். அவள் முகத்தில் பூசிய பவுடருக்குக் கீழே, அந்தப் பழைய கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிகளை டிக்கியில் வைத்து, ஒவ்வொன்றையும் இருமுறை நகர்த்திச் சரிபார்த்தாள். "தங்கச்சி, மாப்பிள வீட்டுக்காரங்ககிட்ட எல்லாம் எங்கக்கா கேக்குன்னு சொல்லி வச்சிருக்கா" என்றாள், யாரிடமும் சொல்லாதவள்போல். சபதம் உரைத்த வீரமங்கையாக அப்போது அவள் இல்லை. நாயகன் டிக்கிக் கதவை ஓசைபடாமல் சாத்தினான். அவன் வாழ்வில் அது அரிது.

அந்தக் கணத்தில்தான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினார் சேவியர். பாக்கியவதியின் மூத்த அண்ணன், மணப்பெண்ணின் தாய்மாமன், தொண்ணூற்றாறு கிலோ. கூடவே அவர் மனைவியும், அவருக்கு எடையில் இளைக்காத மகளும், சீர்வரிசைப் பைகள் நான்கும்.

"மாப்ள, எப்பிடியும் கார் போவுதுல்லா? அதான் கட்கியில இருந்து நேரா இங்கனயே வந்துட்டோம்."

கார் போகிற இடத்துக்கு உறவினரை ஏற்றாமல் போகும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. மரியஜோசப்பின் முகத்தில் உதயமான சூரியன் அங்கேயே அஸ்தமித்தது. சாக்பீஸும் டம்ளரும் அவன் ஒருவனை வைத்துக் கண்ட எண் முப்பத்திரண்டு! ஐந்து பேரும் மூன்றடுக்குக் கேக்கும் சீர்வரிசையும் ஏறினால் பின்டயர்கள் அப்பளமாகும், குழியில் விளிம்பு இடியும். காற்றைக் கூட்டவோ, கூட்டினால் டம்ளர் கவிழ்ந்த கதை. இருபுறமும் வாள். அவன் வானத்தைப் பார்த்தான், கதவைத் திறந்து அந்தச் சிறிய தாளைப் பார்த்தான். ஐந்து நாள் அவன் அவமதித்த தாள். வண்டி நிறைந்தால் மூன்று கூட்டு என்றது அது. எந்தச் சக்கரமானாலும் கூட்டவேண்டியது கூட்டவேண்டியதுதான். முப்பத்திரண்டும் மூன்றும் முப்பத்தைந்து.

அப்போது அவன் உள்ளத்தில் ஒரு பேரொளி பிறந்தது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங். அதன்மேல் எடை கூடினால் ஆட்டம் மெதுவாகும்! லேசான வண்டி துள்ளும், பாரவண்டி அசையும். சுமை ஏற்றாத லாரி குதிப்பதும், சுமை ஏற்றியபின் அது யானைபோல் நடப்பதும் அதனால்தானே? டயரில் ஏறும் கடினத்தை மச்சானின் உடல் ஈடுசெய்யும். அவன் திரும்பி, சேவியரைப் புதுக்கண்ணோடு, அலாயைப் பார்த்த அதே காதலோடு பார்த்தான்.

"மச்சான், நீங்க வராம இருந்திருந்தா கேக் போயிருக்கும்."

"அப்பிடியா மாப்ள?" என்று சேவியர் நெகிழ்ந்தார். தன்னை இதுவரை யாரும் இவ்வளவு விரும்பியது கிடையாது என்பது அவர் குரலில் தெரிந்தது.

"பின்சீட்டுல நடுவுல உக்காருங்க. அசையாதீங்க."

பம்பு மீண்டும் முழங்கிற்று. நான்கிலும் முப்பத்தைந்து. வலப்புறம் மனைவி, இடப்புறம் மகள், நடுவே மேருவைப்போல் சேவியர். முன்னே பாக்கியவதி, முகம் மட்டும் பின்னோக்கி, டிக்கியைப் பார்த்தபடி. தேர் புறப்பட்டது.

அந்தப் பயணத்தை எவ்வாறு பாடுவது? மரியஜோசப் சாலையைக் காணவில்லை. அவன் செவிகள் நான்கு டயர்களிலும் ஒட்டியிருந்தன. குளவாயன் இருக்கும் இடம் நெருங்கிற்று, அவன் மூச்சை அடக்கினான், ஒன்றும் நிகழவில்லை. பல்லுடைப்பான், இடுப்பொடிப்பான், ஒன்றும் நிகழவில்லை. நெடுங்கீறன் கீறவில்லை, தம்பி தொடவில்லை, வட்டவிழுங்கன் வாய்மூடிக் கிடந்தான். கார் பாலின்மேல் ஆடை நழுவுவதுபோல் நழுவிற்று. கருகிய வாடை ஒன்று மூக்கில் ஏறியதும், ஐயோ, ரப்பர் சூடாகிறதோ என்று நாயகன் துணுக்குற்றான், சன்னலை ஏற்றினான், வாடை நின்றது. வளைவு வந்தது. பெயரிலி அங்கே காத்திருப்பான். அவன் கண்ணை மூடிக்கொண்டான் என்று சொன்னால் போக்குவரத்துக் காவலர் வருவார்கள், ஆகவே சொல்லமாட்டோம். வளைவு கடந்தது. சேவியர் உறங்கிவிட்டிருந்தார். பாக்கியவதி ஒருமுறை முன்னே திரும்பி, காரின் முன்கண்ணாடி வழியே எதையோ பார்த்தாள். பிறகு கணவனின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி டிக்கிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிம்ப்ரித் திருமண மண்டபத்தின் நடுமேசையில் மூன்று பெட்டிகளும் திறக்கப்பட்டன. அடுக்கின்மேல் அடுக்காக எழுந்தது வெண்கோபுரம். பாக்கியவதி குனிந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான்கு புறமும் சுற்றிவந்து பார்த்தாள். பின்னும் ஒருமுறை சுற்றினாள். ஒரு கோடு இல்லை. மயிரிழை இல்லை. ஜெபிஷா மணக்கோலத்தில் ஓடிவந்து, "பெரிம்மா!" என்று கட்டிக்கொண்டபோது, பாக்கியவதியின் பவுடரில் இரண்டு தடங்கள் விழுந்தன, அவற்றை யாரும் விரிசல் என்று எண்ணவில்லை.

"சரி," என்றாள் கணவனிடம், முந்தானையால் முகத்தை ஒற்றியபடி. "சக்கரம் இருக்கட்டும்."

வெற்றி! வெற்றிமுரசு அறைக! மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர், இந்த மழையில், இந்த ரோட்டில், மூன்றடுக்கு எப்படி அலுங்காமல் வந்தது என்று அறியாமல் வியந்துவிட்டார். மரியஜோசப் அவர் தோளைப் பற்றினான். அகலத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவையும், பக்கச்சுவரின் உயரத்தையும், குளிர்ந்த டயரின் உண்மையையும் சூடான டயரின் பொய்யையும், சாக்பீஸின் நேர்மையையும், ஐம்பத்தொன்று என்பது எல்லை மட்டுமே என்பதையும், நிறைசுமைக்கு மூன்று கூட்டும் நியாயத்தையும், இவை அனைத்துக்கும் மகுடமாக, பிரியாணித் தட்டோடு அருகில் நின்ற சேவியரைச் சாட்சியாக முன்னிறுத்தி, ஸ்பிரிங்கின் மேல் தாய்மாமன் அமர்ந்த மகத்துவத்தையும் அவன் எடுத்துரைத்தான். கூட்டம் சேர்ந்தது. ஒருவர் தம் காருக்கு என்ன வைப்பது என்று கேட்டார். இருவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டனர். அடுக்கடுக்காய்க் கேக்கை வெட்டித் தட்டுகளில் பரிமாறிக்கொண்டிருந்த பாக்கியவதி, அந்தக் கூட்டத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த துண்டை வெட்டினாள்.

பால்கி வருவதால், முந்தின நாள்தான் ஆளந்தி ரோட்டைப் புதிதாகப் போட்டு முடித்திருந்தார்கள்.